டேட்டா விஷுவலைசேஷன்: பதினைந்து புராஜெக்டா, ஒன்றா?

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு வயது 29. பி.காம். முடித்து, ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் ஐந்து வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். டேலியும் எக்செல்லும் தினமும் புழங்குபவை. டேட்டா விஷுவலைசேஷன், அதாவது எண்களைச் சார்ட்டாக வரைந்து காட்டும் வேலை, பக்கம் போகலாம் என்று இணையத்தில் இரண்டு கோர்ஸ் முடித்தேன். சான்றிதழும் வந்துவிட்டது. ஆனால் வீடியோவை மூடிவிட்டுத் தனியாக ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை, வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது ஓர் இணையப் பயிற்சி நிறுவனம், "புராஜெக்ட் வழிக் கல்வி, ஆறு மாதம், பதினைந்து புராஜெக்ட், ரூ.45,000" என்கிறது. இந்த மாதத்துக்குள் சேர்ந்தால் சலுகை என்று தினமும் போன். சேரலாமா? பைத்தான் என்ற நிரல் மொழி தெரியாமல் இந்த வேலைக்கு வர முடியுமா? எந்த மென்பொருளில் தொடங்குவது? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும்.

வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த மாதம் சேர வேண்டாம். அந்த ரூ.45,000 இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும். பிறகு தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். அது தெரிவதற்கு முன் நீங்கள் ஒரே ஒரு புராஜெக்டை முதலிலிருந்து கடைசிவரை தனியாகச் செய்து பார்க்க வேண்டும்.

வெற்றுத் திரை விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு உங்கள் திறமையைக் குறை சொல்லாதீர்கள். கோர்ஸ் வீடியோ தொடங்கும்போதே மூன்று முடிவுகளை வேறு யாரோ எடுத்து முடித்திருப்பார்கள்: கேள்வி என்ன, தரவு எது, யார் பார்க்கப்போகிறார்கள். உங்களுக்கு மிச்சம் வைத்தது எந்தப் பட்டனை அழுத்துவது என்பதை மட்டும். அதை நீங்கள் ஒழுங்காகக் கற்றுக்கொண்டீர்கள். வீடியோவை மூடியதும் அந்த மூன்று முடிவுகளும் உங்கள் தலையில் விழுகின்றன. யாரும் சொல்லித் தராத வேலை என்பதால் திரை வெறுமையாக நிற்கிறது.

நான் ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்கு டேஷ்போர்டு (பல சார்ட்டுகளை ஒரே திரையில் காட்டும் பலகை) செய்து தரும் குழுவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது வருகிற மாதிரிப் பணிகளைப் பார்ப்பதும் என் வேலை. டைட்டானிக் பயணிகள் பட்டியல், சார்ட் மென்பொருளான டேப்லோவோடு வரும் 'சூப்பர்ஸ்டோர்' விற்பனைக் கணக்கு, ரொனால்ட் ஃபிஷர் 1936இல் வெளியிட்ட ஐரிஸ் பூ அளவுகள். இந்த மூன்றும் மாறி மாறி வரும். ஐரிஸ் பூ அடுத்த நூற்றாண்டிலும் வரும் என்றுதான் நினைக்கிறேன். அவற்றில் தப்பொன்றும் இல்லை. ஆனால் செய்தவர் எதை யோசித்தார், எதைத் தள்ளினார் என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது. யோசிக்க வேண்டிய இடங்களை எல்லாம் முன்னமே சுத்தம் செய்துதான் அந்தத் தரவைக் கொடுக்கிறார்கள். பதினைந்து புராஜெக்டும் இப்படிச் சுத்தம் செய்த கோப்புகள் என்றால், ஒரே பயிற்சியைப் பதினைந்து முறை செய்ததுதான் கணக்கு.

சரி, எந்த புராஜெக்ட்? உங்கள் ஊர்க்காரர்களுக்கு அர்த்தமுள்ள ஒன்றைச் சொல்கிறேன். மேட்டூர் அணை. காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் ஓர் ஓரத்தில் நீர்மட்டம் இருக்கும். உங்கள் மாவட்டத்திலேயே அதைப் பார்த்து நாற்று விடலாமா என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. மேட்டூரின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. கேள்வியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: "இந்த வாரம் மேட்டூரில் இருக்கிற தண்ணீர், போன வருடங்களில் இதே வாரம் இருந்ததைவிட அதிகமா, குறைவா?" ஒரு விவசாயி கேட்கக்கூடிய கேள்வி. பதில் ஒரே சார்ட்டில் அடங்கும்.

தரவு இலவசம். மத்திய நீர் ஆணையம் வாரந்தோறும் வியாழக்கிழமை நாட்டின் முக்கிய அணைகளின் நீர் இருப்பைப் பிடிஎஃப் அறிக்கையாக வெளியிடுகிறது. ஆறு வருடம் எடுத்தால் 300 வரிசைக்கு மேல் வரும். புதிய எக்செல் பதிப்புகளில் பவர் குவெரி என்ற, வெளித் தரவை உள்ளே கொண்டுவரும் வசதி வழியாகப் பிடிஎஃப் அட்டவணையை நேரடியாக இழுக்கலாம். உங்கள் பதிப்பில் அந்த வசதி இல்லையென்றால் கையால் தட்டச்சு செய்யுங்கள், கௌரவக் குறைச்சல் இல்லை. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு 300 வரி ஒரு பொருட்டா? கையால் அடித்தால் இன்னொரு லாபம், எண்கள் பழகிவிடும். ஓர் எண் இடறினால் கண்ணே சொல்லும்.

இனிதான் கோர்ஸ் சொல்லித் தராத பகுதி. முதலில் பெயர். நீங்கள் பவானிசாகரையும் சேர்க்க நினைத்துத் தேடினால் கிடைக்காது. அறிக்கையில் அது 'கீழ்பவானி' என்ற பெயரில் இருக்கும். அப்புறம் அலகு. நம் ஊரில் டிஎம்சி, அறிக்கையில் பில்லியன் கன மீட்டர். ஒரு பில்லியன் கன மீட்டர் என்பது சுமார் 35.3 டிஎம்சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சி அங்கே 2.647 என்று இருக்கும். பிறகு நீர்மட்டம். செய்தித்தாளில் முழு மட்டம் 120 அடி. அறிக்கையில் அது 240 மீட்டரைத் தாண்டி நிற்கும். அணை வளர்ந்துவிடவில்லை. நாம் சொல்லும் அடி அணையின் அடிமட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது, அந்த மீட்டர் கடல் மட்டத்திலிருந்து. இந்த மூன்றையும் நீங்களே கண்டுபிடித்துச் சரிசெய்து, எங்கே என்ன மாற்றினேன் என்று ஒரு தாளில் குறித்து வைத்தால், அந்தத் தாள் உங்கள் சான்றிதழைவிட எனக்குப் பெரிது.

அதற்கடுத்து வருவது இன்னும் சுவாரஸ்யம். சார்ட்டில் எதை வரைவது, அடியையா டிஎம்சியையா? எல்லோருக்கும் பழகியது அடி. "மேட்டூர் 60 அடி" என்றால் பாதி அணை நிரம்பியிருப்பதாக மனசில் ஒரு படம் வரும். ஆனால் 60 அடியில் இருப்பது சுமார் 25 டிஎம்சிதான், கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும். 100 அடியில் சுமார் 65 டிஎம்சி. அதாவது மேலே உள்ள கடைசி 20 அடி, கீழே உள்ள 60 அடியைவிட அதிகத் தண்ணீரைப் பிடிக்கிறது. நீர்த்தேக்கம் மேலே போகப்போக அகலமாகிறது, அதனால். அடியை வைத்து வரைந்தால் சார்ட்டில் எண்கள் எல்லாம் சரியாக இருக்கும், பார்க்கிறவர் மட்டும் தப்பாகப் புரிந்துகொள்வார். டிஎம்சியை வைத்து வரைந்தால் எண்ணம் சரியாகும், ஆனால் பேச்சில் புழங்கும் எண் காணாமல் போகும். நான் டிஎம்சியில் கோட்டை வரைந்து, வலது ஓரத்தில் 60, 100, 120 அடிக்கு நேராகச் சின்னக் குறிகள் போடுவேன். நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். காரணம் சொல்ல முடிந்தால் போதும்.

படுக்கை அச்சு எங்கே தொடங்க வேண்டும்? எக்செல் தானாக ஜனவரியில் தொடங்கும். மேட்டூருக்கு அது ஒத்துவராது. டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். ஜனவரியில் அச்சைத் தொடங்கினால் ஒரு பாசனப் பருவத்தை நடுவில் வெட்டி இரண்டு ஓரத்துக்கும் பிரித்துப் போட்டது போல் ஆகும். ஜூன் முதல் மே வரை வையுங்கள். நீர்வளத் துறையில் உள்ளவர்களும் நீர் ஆண்டை ஜூனில்தான் தொடங்குகிறார்கள். உங்களுக்கு இது புதிதே அல்ல, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில்தானே வருடம் முழுக்க வேலை செய்கிறீர்கள்.

ஒவ்வொரு வருடமும் ஒரு கோடு. ஆறு வருடத்துக்கு ஆறு நிறம் கொடுத்தால் வண்ணக் கோலமாகிவிடும், யாராலும் படிக்க முடியாது. பழைய வருடங்கள் எல்லாம் வெளிர் சாம்பல், இந்த வருடம் மட்டும் அடர் நீலம். 93.47இல் மெல்லிய ஒரு கிடைக்கோடு. ஓரத்தில் வண்ண விளக்கப் பெட்டி வேண்டாம். கோடு முடியும் இடத்திலேயே வருடத்தை எழுதிவிடுங்கள், கண் அங்கும் இங்கும் ஓட வேண்டாம். இதுவரை 'டிசைன்' என்று எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்க்கிறவர் எதை எதோடு ஒப்பிடப்போகிறார் என்று யோசித்தோம், நிறம் தானாக வந்தது.

சாம்பல் கோடுகளில் ஒன்றுக்கு மட்டும் ஒரு குறிப்பு எழுதலாம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் மேட்டூர் 40 அடி அளவில் கிடந்தது. ஜூன் 12இல் திறக்க முடியவில்லை. கர்நாடகத்தில் மழை கொட்டி, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி உபரி வர, ஜூலை 28இல் திறந்து, 30ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. உங்கள் சார்ட்டில் அது செங்குத்தாக ஏறும் ஒரு கோடாகத் தெரியும். காரணம் தெரியாதவர் அதைத் தட்டச்சுப் பிழை என்றே நினைப்பார். இரண்டு வரிக் குறிப்பு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். அதற்கு நேர்மாறாக, 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். அந்த வருடத்தின் மே மாதக் கோட்டைத் தேடிப் பாருங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஏதோ ஒரு வாரத்தின் அறிக்கை உங்களுக்குக் கிடைக்காது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் போட்டால் சார்ட்டில் அந்த வாரம் மேட்டூர் வறண்டு, அடுத்த வாரம் நிரம்பும். எக்செல்லில் காலிக் கட்டத்தை இடைவெளியாகக் காட்டு என்று சொல்ல வழி இருக்கிறது. கணக்கில் 'விவரம் இல்லை' என்பதும் 'ஒன்றும் இல்லை' என்பதும் வேறு வேறு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அணை என்றதும் தொட்டி மாதிரிப் படம் போட்டு நிரப்பவோ, காரில் இருக்கும் பெட்ரோல் முள் போல வட்டம் போடவோ கை துறுதுறுக்கும். 1984இல் வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் மனிதக் கண் எதைத் துல்லியமாக அளக்கிறது என்று சோதித்து எழுதினார்கள். ஒரே அளவுகோலில் இருக்கும் புள்ளிகளின் இடத்தைக் கண் நன்றாக ஒப்பிடும். நீளம் அதற்கடுத்து. கோணமும் பரப்பளவும் இன்னும் பின்னால். பை சார்ட் ஏன் தடுமாற வைக்கிறது, முள் வட்டம் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கெல்லாம் அதில் விடை இருக்கிறது. கோட்பாடு என்று இப்போதைக்கு இது ஒன்று போதும். பார் சார்ட் என்றால் அச்சு பூஜ்யத்தில் தொடங்கியே ஆக வேண்டும் என்ற விதியும் இதிலிருந்து வருவதுதான். பாரில் நாம் நீளத்தைப் பார்க்கிறோம், அடியை வெட்டினால் நீளம் பொய்யாகிவிடும்.

மென்பொருள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன முழு வேலையும் எக்செல்லில் முடியும், அதில்தான் தொடங்குங்கள். அதே அட்டவணையை டேட்டாராப்பர் என்ற சார்ட் போடும் இணையதளத்தில் ஒட்டிப் பாருங்கள். பிரவுசரிலேயே இயங்கும், இலவசம், கைபேசியிலும் ஒழுங்காகத் தெரியும். மூன்றாவதாக மைக்ரோசாஃப்டின் டேஷ்போர்டு மென்பொருளான பவர் பிஐ. உங்கள் பகுதி நிறுவனங்களில் எக்செல்லை ஒட்டி வருவது அதுதான் என்பதால் டேப்லோவுக்கு முன்னால் வைக்கிறேன். விண்டோஸ் கணினி இருந்தால் டெஸ்க்டாப் பதிப்புக்குப் பணம் வேண்டாம். ஆனால் பதிந்துகொள்ள அலுவலக அல்லது கல்லூரி மின்னஞ்சல் கேட்பார்கள், ஜிமெயில் எடுபடாது. கணக்கு இல்லாமலும் உங்கள் கணினிக்குள் செய்து பழகலாம். எக்செல்லில் நீங்கள் கற்ற பவர் குவெரி அப்படியே அங்கும் இருக்கும், அந்த உழைப்பு வீண் போகாது.

பைத்தான் இப்போது வேண்டாம். எக்செல் திணறும் அளவுக்குத் தரவு பெருகும்போதோ, ஒரே வேலையை வாராவாரம் திரும்பச் செய்து அலுக்கும்போதோ அது தேவை என்று உங்களுக்கே தெரியும். அப்போது படித்தால் சீக்கிரம் வரும். ஒரு தமிழ்த் தொல்லையும் உண்டு: பைத்தானில் சார்ட் போடப் பெரும்பாலானோர் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகளில் தமிழ்த் தலைப்பு வைத்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்து கிடக்கும். பிரவுசரில் இயங்கும் கருவிகளில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ் உள்ள சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) எக்செல்லில் நேராகத் திறந்து பூச்சி பூச்சியாக வந்தால் பதற வேண்டாம், எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லி இறக்குமதி செய்தால் சரியாகிவிடும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் சார்ட்டையே போட்டுத் தருமே என்று யாராவது சொல்வார்கள். தரும். சூத்திரம் மறந்தால் நானும் கேட்கிறேன். ஆனால் அடியைக் கொடுத்தால் அடியை வரையும், 'விவசாயிக்கு வேண்டியது டிஎம்சி ஆச்சே' என்று எதிர்க்கேள்வி கேட்கும் என்று நம்பி இருக்க முடியாது. அந்தக் கேள்விக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

முதல் புராஜெக்ட் முடிந்ததும் மேப் போட ஆசை வரும். எல்லோருக்கும் வரும். மாவட்டங்களுக்கு நிறம் தீட்டுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஈரோடு மாவட்டத்துக்கு 2001இல் 25.8 லட்சம், 2011இல் 22.5 லட்சம் என்று இருக்கும். மூன்று லட்சம் பேர் ஊரைக் காலி செய்துவிட்டார்களா? 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தாராபுரமும் காங்கேயமும் அங்கே போய்விட்டன. உள்ளூர்க்காரரான நீங்கள் உடனே பிடித்துவிடுவீர்கள். ஆனால் இதே கதை விழுப்புரத்துக்கும் வேலூருக்கும் நடந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 32 மாவட்டங்கள், இன்று 38. புதிய எல்லைக் கோப்பில் பழைய கணக்கை ஏற்றினால் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆறும் வெள்ளையாகக் கிடக்கும். வெள்ளை தெரிந்தால்கூடப் பரவாயில்லை, யாராவது கேட்பார்கள். பழைய வேலூரின் எண் இன்றைய சின்ன வேலூர் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் உங்கள் இரண்டாவது புராஜெக்ட் மேப்பாக இருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அது உங்கள் அலுவலகத்தில், டேலிக்குள் இருக்கிறது. யாரிடமிருந்து எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக? முப்பது, அறுபது, தொண்ணூறு நாள் என்று பிரித்து மாதாமாதம் ஓர் அறிக்கை எடுக்கிறீர்கள் இல்லையா? அதை முதலாளி எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அநேகமாகக் கடைசி வரியின் மொத்தத்தைப் பார்த்துவிட்டு, தெரிந்த இரண்டு பெயர்களைக் கேட்பார். மொத்தப் பாக்கி ஏறாமல் இருக்கும்போதே தொண்ணூறு நாள் தாண்டிய பங்கு மெல்ல ஊறிக்கொண்டிருக்கலாம். அட்டவணையில் அது தெரியாது. பன்னிரண்டு மாதத்துக்கும் பார் போட்டு, ஒவ்வொன்றையும் எத்தனை நாள் பாக்கி என்று பிரித்து, தொண்ணூறு தாண்டியதை அச்சை ஒட்டிக் கீழே வையுங்கள். கீழே இருந்தால்தான் மாதத்துக்கு மாதம் உயரம் ஒப்பிட முடியும். கிளீவ்லாண்டும் மெக்கில்லும் சொன்னது இங்கே உதவும். அதன்கீழ் அதிகம் பாக்கி வைத்திருக்கும் பத்துப் பேர், பெரியதிலிருந்து சிறியதாக.

இதில் உங்களுக்கு இருக்கும் பலம், மென்பொருள் தெரிந்த என் குழுவினருக்குக் கிடையாது. ஒரு வியாபாரி தீபாவளிக்கு முன் சரக்கு எடுத்துவிட்டு அதன் பிறகுதான் பணம் அனுப்புவார், அதை வராக்கடன் என்று எண்ணக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். டெபிட் நோட்டில் இழுபறியாகி நிற்கும் தொகை எது என்றும் தெரியும். பலர் கணக்கு வேலையை உதறிவிட்டு 'டேட்டா வேலை'க்குப் போக நினைக்கிறார்கள். கணக்குத் தெரிந்த டேட்டா ஆளாக வந்து நின்றால் நூறு விண்ணப்பங்களில் கலந்துபோக மாட்டீர்கள். ஜவுளி நிறுவனத்திலேயே உங்கள் பொறுப்பு மாறலாம், வெளியே தேட வேண்டியதே இல்லாமல் போகலாம்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். முதலில் அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிறகு, அலுவலகத் தரவின் ஒரு வரியைக்கூட டேப்லோ பப்ளிக்கில் ஏற்றாதீர்கள். பெயரிலேயே இருக்கிறது, அங்கே வெளியிடுவது எல்லோரும் பார்ப்பதற்குத்தான். வேலை தேடும்போது காட்ட வேண்டுமென்றால் வாடிக்கையாளர் பெயர்களை நீக்கி, தொகைகளை மாற்றி ஒரு தனிப் பிரதி தயார் செய்யுங்கள். மாற்றிய பிரதி என்று அதிலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒழுங்கைப் பார்த்தே ஆள் எடுக்கிறவர்கள் உண்டு.

முதலாளி அதைக் கைபேசியில், வாட்ஸ்அப்பில் வந்த படமாகத்தான் பார்ப்பார். அகலத் திரையில் அழகாக இருந்த ஒன்பது கட்ட டேஷ்போர்டு அங்கே எறும்பு வரிசையாகத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், சார்ட்டுகளை இரண்டாகக் குறையுங்கள். மென்பொருள் தானாகப் போடும் '1.2 எம்' என்பதை 12 லட்சம் என்று மாற்றுங்கள். ஈரோட்டுச் சந்தையில் யாரும் மில்லியனில் கணக்குப் பேசுவதில்லை. சிவப்பு ஆபத்து, பச்சை நல்லது என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், பார்த்துக்கொண்டே தலையாட்டிவிடுவார்கள், சொல்ல மாட்டார்கள்.

தனியாகப் படிப்பதில் உண்மையான குறை ஒன்றுதான், தப்பைச் சொல்ல ஆள் இல்லை. மேட்டூர் சார்ட்டை முடித்ததும் விவசாயம் பார்க்கும் உறவினர் யாராவது இருந்தால் அவர் கையில் போனைக் கொடுங்கள். "என்ன மாமா தெரியுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விளக்கவே கூடாது. அவர் "இந்தச் சாம்பல் கலர் எல்லாம் என்னம்மா?" என்றால் அது சார்ட்டின் குறை. "போன வருஷத்துக்கு இந்த வருஷம் தேவலாம் போல" என்றால் முடிந்தது. இது போதாது, தொழில் தெரிந்தவர் கண்ணும் வேண்டும் என்றால், ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழிக்காரர்கள் 2018 முதல் நடத்தும் டைடி டியூஸ்டே இருக்கிறது. வாரம் ஒரு தரவுக் கோப்பு வெளியிடுவார்கள், உலகம் முழுக்கப் பலர் அதை வரைந்து போடுவார்கள். எந்த மென்பொருளில் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரே தரவை வேறு வேறு ஆட்கள் எப்படி அணுகினார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து பார்ப்பது நல்ல பாடம். ஆனால் வாராவாரம் கலந்துகொள்ளப் போகாதீர்கள். உங்களிடம் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி: குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதுவும் போய்விடும், தெரியும். அதனால் 'தினமும் ஒரு பாடம்' என்ற திட்டம் உங்களுக்கு ஒத்துவராது, நான்கு நாள் விட்டால் குற்ற உணர்ச்சியில் முழுதாக விட்டுவிடுவோம். ஒவ்வொரு இரவும் எழுந்திருப்பதற்கு முன், அடுத்து செய்ய வேண்டியதை ஒரே வரியில் கோப்பின் மேலேயே எழுதிவிட்டு மூடுங்கள். "2021 ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை அடித்தாயிற்று, அடுத்து டிஎம்சியாக மாற்றுவது." பத்து நாள் கழித்துத் திறந்தாலும் விட்ட இடம் தெரியும். மேட்டூருக்கு இரண்டு மாதம், பாக்கி அறிக்கைக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு பக்கம் எழுதுங்கள்: கேள்வி என்ன, தரவு எங்கே கிடைத்தது, அதில் என்ன கோளாறு, எந்த சார்ட்டை முதலில் போட்டு ஏன் தூக்கி எறிந்தீர்கள். தமிழில் எழுதினாலும் சரி. நேர்முகத்தில் நான் கேட்கப்போவது இவற்றைத்தான், எழுதிப் பழகியவருக்கு வார்த்தை தானாக வரும்.

நான்கு மாதம் கழித்தும் பயிற்சி நிறுவனம் இருக்கும், சலுகையும் இருக்கும். அது எங்கேயும் போகாது. அப்போது உங்களுக்கு எது வரவில்லை என்று தெளிவாகத் தெரிந்திருக்கும், அதை மட்டும் சொல்லித் தரும் சின்ன கோர்ஸ் ஒன்று போதுமா என்றும் தெரியும். இதற்கிடையில் மறுபடி போன் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். என் சொந்தத் தரவை வைத்து புராஜெக்ட் செய்யலாமா? நான் செய்ததைப் பார்த்துக் கருத்து எழுதப்போகிறவர் யார், எத்தனை நாளில் எழுதுவார்? போன பேட்ச்சில் படித்த மூன்று பேரின் பணிகளைப் பார்க்கக் கிடைக்குமா? இந்தத் துறையில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது ஒரு தேர்ந்த ஆள் உங்கள் வேலையை உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் கருத்துதான். வீடியோ இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது. மூன்றாவது கேள்விக்குச் சுட்டிகள் வந்தால் திறந்து பாருங்கள். மூன்று பேருடையதும் ஒரே மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள். வேறு வேறாக, ஆளுக்கொரு கேள்வியோடு இருந்தால் எனக்கு எழுதுங்கள், ரூ.45,000 அதற்குத் தகுமா என்று சேர்ந்து பார்ப்போம்.